நல்ல காலின் அளவு

டாக்டர், முதலில் உங்கள் நாற்காலியை மாற்றிவிடுங்கள். நேற்று கால்பந்துச் சங்கத்தின் விசாரணை நடந்த மூன்று மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது பக்கமாகச் சாய்ந்து, இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் கேள்வி கேட்டீர்கள். உயரத்தை இரண்டு அங்குலம் இறக்கினால் பாதி வலி போய்விடும். இருபத்தாறு வருடம் ஒரே கால்பந்து கிளப்பில் பிசியோவாக இருந்தவன் நான். ஒரு ஆள் எதிரே வந்தால் முகத்துக்கு முன்னால் மூட்டுதான் கண்ணில் படுகிறது.

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். கிளம்பும்போது தனியே அழைத்து, "கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துடுங்க. ஒரு வருஷத் தடையோட போயிடும். இந்த வயசுல எதுக்கு அலைச்சல்?" என்றும் சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ராத்திரி படுத்து யோசித்துப் பார்த்தேன், அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அளவெடுக்கத் தெரியாதவன் என்று ஒரு காகிதத்தில் என் கையெழுத்தோடு இருக்கக்கூடாது.

கொசுவை உங்களுக்குப் படத்தில்தான் தெரியும். பதினெட்டு வயது, இடது ஓரத்தில் ஆடுபவன். அடிக்கப் போனால் அகப்பட மாட்டான், விட்டால் காதருகே வந்துவிடுவான். அதனால் எதிரணிப் பையன்கள் வைத்த பெயர் அது. பதினாலு வயதில் கிளப்புக்கு வந்தபோது இரண்டு குதிகாலும் வீங்கியிருந்தது. வளரும் வயதில் வருகிற வலி. அளவு சின்னதான பூட்ஸைப் போட்டுக்கொண்டு வலியை மறைத்து ஓடிக்கொண்டிருந்தான். எட்டு மாதம் நான்தான் சரி செய்தேன். அவன் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். அப்பா இல்லை. அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டாள், அதனால் அவனுக்கு நான் மாமா ஆனேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேறு யாரும் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை.

போன வருடம் நாங்கள் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்தோம். பாதிக்கு மேல் அவன் காலால் வந்தோம். அந்த விடுமுறையிலேயே பெரிய கிளப் ஒன்று அவனைக் கேட்டுவிட்டது. பேச்சுவார்த்தை முடிந்தது, இந்த சீசன் எங்களோடு, அடுத்த சீசன் அங்கே. செய்தி வந்த அன்று காலை என் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னான்.

"அங்க ஆறு பிசியோ இருக்காங்களாம் மாமா. தசைக்கு ஒருத்தர், முதுகுக்கு ஒருத்தர். தூங்க வைக்கக்கூட ஒருத்தராம்."

"உன்னைத் தூங்க வைக்க ஆறு பேரும் சேர்ந்தாதான் முடியும்" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, டாக்டர். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இவனுக்கு முன் ஏழு பேரை இப்படி அனுப்பியிருக்கிறேன். ஒருவன் இரண்டு வருடம் கழித்து அவன் புது அணியோடு எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தான். கேட்டருகே என் கையைப் பிடித்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான். அடுத்து வாட்ச்மேன் கையையும் பிடித்து அதையே கேட்டான். அவன் தொடையில் இருக்கிற தையல் எத்தனை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அவனுக்கு என் பெயர் ஞாபகம் வந்ததா என்பதே சந்தேகம்.

சீசனின் மூன்றாவது ஆட்டத்தில் கொசுவுக்கு இடது முட்டியில் தசைநார் அறுந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. எதிரணி ஆள் பின்னாலிருந்து வந்து விழுந்தான், அவ்வளவுதான். ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஒன்பது மாதம் ஆட விடாதீர்கள் என்று சர்ஜன் சொன்னார். பெரிய கிளப்பும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. இந்த சீசன் அவன் ஆடவே வேண்டாம், முடிந்ததும் எங்கள் டாக்டர்கள் சோதித்து அழைத்துக்கொள்கிறோம், மீதி சிகிச்சையை எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கடிதம் எழுதினார்கள். எங்கள் ஆட்களே என்ற வார்த்தையின் கீழ் யாரோ கோடு வேறு போட்டிருந்தார்கள்.

ஆக, நான் ஒழுங்காக என் வேலையைச் செய்தால் போதும், அவன் நல்லபடியாகப் போய்விடுவான்.

அறுந்த முட்டியோடு இருந்தவன் மறுபடி ஆடலாமா என்று எப்படி முடிவு செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஒற்றைக் காலில் தாண்டச் சொல்வோம். நல்ல கால் எவ்வளவு தூரம் தாண்டுகிறதோ, அதில் பத்தில் ஒன்பது பங்காவது அடிபட்ட கால் தாண்ட வேண்டும். தாண்டினால் ஆடலாம். உங்கள் சங்கம் கொடுத்த படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கிறது, இந்தக் காலுக்கு ஒன்று, அந்தக் காலுக்கு ஒன்று. நல்ல கால் எப்போதும் நல்ல காலாகவே இருக்கும் என்று நம்பி யாரோ அடித்த படிவம்.

கொசுவிடம் சொன்னேன்: "வலது காலுக்கு ஓய்வு குடு. ரெண்டு காலும் ஒரே நேரத்துல உழைச்சா உடம்பு தாங்காது. தெம்பெல்லாம் அடிபட்ட காலுக்குப் போகட்டும்."

பாதிப் படிப்பு படித்த எந்தப் பிசியோவும் இதைக் கேட்டால் சிரிப்பான். கொசு சிரிக்கவில்லை. வலது காலில் படி ஏறுவதைக்கூட விட்டுவிட்டான், அவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்பான். வீட்டில் அம்மாவும் காவல் இருந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் முட்டிக்கு நாலு விரல் மேலே டேப் வைத்து அளந்தேன். இடது தொடை மெல்ல ஏறியது, வலது தொடை அதைவிட வேகமாக இறங்கியது. ஆறாம் மாதக் கடைசியில் இரண்டும் சந்தித்தன. கண்ணாடி முன்னால் நின்று அவனே பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

"ரெண்டும் ஒண்ணாயிடுச்சு பாருங்க மாமா."

"ஆமாடா" என்றேன்.

சோதனையில் வலது கால் ஒன்று ஐம்பத்திரண்டு தாண்டியது, இடது ஒன்று நாற்பத்து மூன்று. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. படிவத்தில் அதுதான் இருக்கிறது, ஒரு சென்டிமீட்டர் பொய் கிடையாது. சீசன் தொடங்குமுன் நான் எடுத்த அளவில் அதே இடது கால் ஒரு மீட்டர் தொண்ணூற்றெட்டு தாண்டியிருந்தது. அந்தத் தாள் என் இழுப்பறையில்தான் இருந்தது. நீங்கள் கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். கிழித்துப் போட எனக்கு எட்டு மாதம் இருந்தது, டாக்டர். தொழில் தாளை நான் கிழிப்பதில்லை.

கோச் நெருக்கியதாகப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். பாவம் அந்த மனுஷன். மேலே வந்த வருடமே கீழே போகிற நிலை, கடைசி இடத்துக்கு ஒரு படி மேலே நின்றுகொண்டிருந்தோம். மூன்று மாதமாக நகத்தைத் தின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் கேட்கவில்லை. நான்தான் அவர் அறைக்குப் போய், "பையன் ரெடி" என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கிளப்பில் என்னை யாரும் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கடைசி நாலு ஆட்டத்தில் அவனை இறக்கினோம். முதலாவதிலேயே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இரண்டாவதிலும் தாங்கியது. மூன்றாவதில் ஒரு கோல்கூடப் போட்டான். நான் கணக்குப் போட்டதைவிட உறுதியான முட்டி அது. சர்ஜனின் வேலை சுத்தமாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி ஆட்டம் சனிக்கிழமை, பெரிய கிளப்பின் சோதனை அடுத்த வியாழன். நடுவில் வேறு ஆட்டம் கிடையாது.

பாதி நேர இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, முட்டி ஒரு மாதிரியா இருக்கு. யாருக்கும் சொல்லாதீங்க. போதும்னு நீங்க சொன்னா நின்னுடறேன்."

கை வைத்துப் பார்த்தேன். உள்ளே சூடு ஏறியிருந்தது, லேசாக நீர் கோத்திருந்தது. போதும் என்ற ஒரு சொல்தான் அவன் என்னிடம் கேட்டது. அப்போது நிறுத்தியிருந்தால் ஆறே வாரத்தில் சரியாகியிருக்கும்.

"பயம்தான்டா. முட்டியில ஒண்ணுமில்ல, மனசுல இருக்கு" என்று சொல்லி இறுக்கிக் கட்டிவிட்டேன். எதிரே நின்ற கோச், "எடுத்துடலாமா?" என்று கேட்டார். வேண்டியதில்லை என்றேன்.

எழுபத்தெட்டாவது நிமிஷம் கோல் போட்டான். மைதானமே எழுந்து நின்றது. அந்த ஒரு கோல்தான் எங்களை முதல் டிவிஷனில் காப்பாற்றியது. நாலு நிமிஷம் கழித்து, பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் திரும்ப முயன்று, அப்படியே உட்கார்ந்துவிட்டான். வீடியோவைப் போட்டுக் காட்டிக் கேட்டீர்களே, அவன் விழுவதற்கு முன்பே நான் ஏன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன் என்று. நேற்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவன் காலை ஊன்றிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். ஓடி ஆகப்போவது எதுவும் இல்லை.

புல்லில் படுத்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தான். "நீங்க சொன்னதுதான் சரி மாமா, பயந்துட்டேன், அதான் தப்பா ஊனிட்டேன்" என்று அழுதான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அவன் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். என்னைக் கல் என்று நினைக்காதீர்கள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். தசைநாரோடு, முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்தது. பெரிய கிளப் அனுதாபக் கடிதம் அனுப்பிவிட்டு வேறு பையனை வாங்கிக்கொண்டது. அவர்களுடைய டாக்டர்தான், வலது தொடை ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கேட்டு உங்களுக்கு எழுதினார். கெட்டிக்காரர். எங்கள் கிளப்பும் இடது ஓரத்துக்குப் புது ஆளை எடுத்துவிட்டது. அவனைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள்.

ஆகவே கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். அந்த முட்டி போகும் என்று தெரிந்து இறக்கினேன். போக வேண்டும் என்றுதான் இறக்கினேன். வலது காலை ஏழு மாதம் நான்தான் பட்டினி போட்டேன். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. தடையோ, போலீஸோ, எதுவானாலும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இப்போதும் தினம் காலை பத்து மணிக்கு என் அறைக்கு வருகிறான். படி ஏற முடியாமல் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறான். "எல்லாரும் கைவிட்டாங்க, நீங்க மட்டும்தாண்ணா" என்று அவள் போன வாரம்கூட அழுதாள். தீர்ப்பு எதுவானாலும் அவன் சிகிச்சையை வேறு யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள், டாக்டர். புது ஆள் கை வைத்தால் அவன் பயப்படுவான். என்னை விட்டால் அந்தப் பையனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?