தட்டில் இருந்தது இவ்வளவுதான்

என் பெயர் குசுமி தொமொயோ, வயது நாற்பத்தாறு. அகிதா நகரில் வசிக்கிறேன். இங்குள்ள மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவராக வேலை பார்க்கிறேன். இன்று மாலை அறுவைக்கூடத்துக்கு வெளியே என்னை ஒருவர் அடித்தது பற்றி இந்தக் காவல் சாவடியில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

அடித்தவர் ஹதகெயமா ஷின்பெய், நூடுல்ஸ் கடைக்காரர், மனைவியை இழந்தவர். ஒரே மகன் கெய்தா, பதின்மூன்று வயது, பள்ளி பேஸ்பால் அணியில் ஆடுகிறான். கொஞ்ச காலமாக உயரே வரும் பந்தையெல்லாம் கோட்டை விட்டிருக்கிறான். சோம்பேறி என்று அப்பாவிடம் திட்டும் வாங்கியிருக்கிறான். அதன் பிறகு தலைவலியும் வாந்தியும் சேர்ந்துகொள்ள, என்னிடம் கூட்டி வந்தார். பையனால் கண்ணை மேலே உயர்த்தவே முடியவில்லை. படம் எடுத்ததில் மூளையின் நட்டநடுவே ஒரு கட்டியும், அது மூளைநீர் ஓடும் வழியை அடைத்ததால் நீர் தேங்கியிருப்பதும் தெரிந்தன. கருவில் வேறிடம் போகவேண்டிய உயிரணுக்கள் வழிதவறி மூளையில் தங்கி, பிள்ளைகள் வளரும் வயதில் இப்படிக் கட்டியாவது உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் எங்கள் நாட்டில் கொஞ்சம் கூடுதல்.

அதன் பிறகு, துளை போட்டு நீருக்கு வழிவிட்டு, கட்டியில் துளி எடுத்துச் சோதித்த பின்பே மற்றதை முடிவு செய்வோம் என்று அவருக்கு விளக்கினேன். அவர் காதில் 'எடுத்து' என்பது மட்டும் விழுந்திருக்கிறது.

இன்று அப்படியே செய்தேன். கட்டி கண்ணெதிரே இருந்தது, இன்னும் எடுக்கக் கை துறுதுறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளிய துளியை உடனே சோதித்த ஆய்வக மருத்துவர், நான் மேலே சொன்ன வழிதவறிய உயிரணுக் கட்டிகளில் ஜெர்மினோமா என்ற வகை என்றார். முன்பே பார்த்த இரத்தச் சோதனையும் அதற்கு ஒத்துப்போனது. இந்த வகை, மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் பெரும்பாலும் கரைந்துவிடும். அதை வெட்டப்போய்ப் பிள்ளையின் பார்வையையோ நினைவையோ கெடுப்பானேன் என்று கையை நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் வழக்கப்படி, எடுத்ததைத் தட்டில் வைத்து வீட்டாருக்குக் காட்டப் போனேன். நசுங்கிய தோஃபுத் துணுக்கு அளவுதான் இருந்தது.

"என்ன இது? பாக்கி எங்க?"

"உள்ளதான் இருக்கு. விட்டுட்டு வந்துட்டேன்."

களைப்பில் அவ்வளவுதான் வாயில் வந்தது. "பயந்துக்கிட்டு ஓடி வந்தியா? நீயெல்லாம் ஒரு டாக்டரா?" என்று அவர் கன்னத்தில் அறைந்ததில் என் கண்ணாடி உடைந்தது. பையனைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோய் முழுசாக வெட்டி எடுக்கச் சொல்வேன் என்று கத்தினார். அறை வலித்தது, கோபமும் வந்தது. ஆனால் நான் பயந்தது அந்தப் பேச்சுக்குத்தான்.

இதுவரை எழுதியதைக் காவலர் வாசித்துக் காட்டும்போது, 'கட்டியை எடுக்க முடியாமல் நிறுத்தினேன்' என்று வந்தது. அந்தச் சொல்லை அடித்துத் திருத்தச் சொன்னேன்.

"முடியாம இல்லைங்க. எடுக்க வேண்டாம்னு நிறுத்தினேன். அப்படியே எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணா இருந்தா நான் ஏங்க அறை வாங்கினேன்?"

விசாரணைக்காக இங்கே கூட்டி வரப்பட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹதகெயமா எழுந்து வந்தார்.

"வேணும்னேதான் விட்டீங்களா, டாக்டரம்மா?"

"ஆமா. வெட்டாமலே கரையுற கட்டி அது."

"இத அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எங்க சொல்ல விட்டீங்க? அதுக்குள்ள கை நீண்டுடுச்சே."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதன் பிறகு, "அவன் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அதையும் எழுதச் சொன்னேன்.

அவர் மீது எனக்குப் புகார் இல்லை. பிள்ளை கண் விழிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவரை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள், இப்போதே அனுப்பிவிடுங்கள். மேலே உள்ளதை மறுபடி வாசிக்கக் கேட்டேன். திருத்திய சொல் உட்பட எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. திருத்திய இடத்திலும் கீழேயும், கையெழுத்துக்கு ஈடான என் பெயர் முத்திரையை வைத்திருக்கிறேன்.

(முத்திரை)
குசுமி தொமொயோ