பாயாவுக்கு அஞ்சு ஸ்டார்

– சம்பந்தமே வேண்டாம்னு போனை வச்சிட்டாரு திலக் நகர் ஜெயராம். அம்மன் கோயில்ல காப்பு கட்டின கையோட கறி தின்ன வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாராம்.

– யாருளா தின்னா?

– நீங்கதான்.

– அம்மன் சத்தியமா...

– அவளை இழுக்காதிய. இந்தா, போன்ல பாருங்க, உங்க பேரு, உங்க மூஞ்சி: ‘பிரம்மநாயகம், தாராவி. விரதம் முடியுற வரைக்கும் பொறுக்க முடியல. ஆட்டுக்கால் பாயா அமிர்தம். உறிஞ்சின உறிஞ்சுல முட்டுவலி ஓடிட்டு. அஞ்சு ஸ்டார்.’

– அரே பாப்ரே! இது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் போன்கிட்டல்லா சொன்னேன்!

– போன்கிட்டயா?

– கடைய விட்டு எறங்கினதும் ‘இந்த இடம் எப்படி இருந்துச்சு’ன்னு மேப்புல அதுவா கேட்டுது. ரிட்டயர் ஆன பெறகு என்கிட்ட அபிப்பிராயம் கேட்ட ஒரே சீவன் அதுதாம்ளா. பதில் சொல்லாம எப்படி வர?

– அதை ஊரே படிக்கும். கடைப் பேரைத் தட்டினா முதல்ல உங்க மூஞ்சிதான் வருதாம், ஜெயராமே சொன்னாரு. இன்னும் கேளுங்க. மூலத்துக்குப் பாத்த டாக்டரு: ‘கை பூ மாதிரி. நாலு ஸ்டார்.’

– போதும், பந்த் பண்ணுளா!

– சலூன்: ‘இங்க அடிக்க மீசை மை வீட்டுக்காரிக்கே தெரியல.’

– ஐயோ, வேட்டி இல்லாம தாதர் ஸ்டேஷன்ல நிக்க மாதிரி இருக்கே! விரார்ல இருந்து பன்வேல் வரைக்கும் ஒவ்வொரு ரயில் டப்பாவுலயும் என் மூலத்தைப் பத்தித்தான் பேசியிருப்பானுவ!

– உங்க வெக்கம் கெடக்கட்டும். ஜெயராம் மவன் வெங்கடேஷைத் தவிர யாரையும் கட்ட மாட்டேன்னு நம்ம ஸ்ரீலேகா உள்ள அழுதுட்டுக் கெடக்கா.

– இப்பவே போயி அவரு கால்ல விழுதேன். விரதக் கமிட்டிக்கே தலைவரு, எச்சி முழுங்குனாக்கூட தோஷம்னு சொல்லுத மனுசன். நீ ஜல்தி எல்லாத்தையும் அழி.

– இருங்க, அந்தப் பாயா கடைக்கு மத்தவங்க போட்டதையும் பாத்துக்கிடுதேன்... ஏங்க, இந்தப் போட்டோவுல பின்னால முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கது நீங்கதான?

– என் சட்டைதான்! இதையும் எவன்ளா எடுத்துப் போட்டான்?

– முன்னால மேசையில போட்டோ எடுத்தவரு தட்டு. தட்டு நெறைய எலும்பு. பக்கத்துல மஞ்சக் காப்போட ஒரு கை. மேல பேரு போட்டிருக்கு: ‘ஜெயராம், திலக் நகர். அஞ்சு ஸ்டார்.’