புடைத்து அனுப்பிய மக்காச்சோளம்

ஆய்வு முடிவு சரியாக இருந்தும் ஒரு குடும்பத்துக்கு அநீதி நேர்ந்தால், அதற்கு யார் பொறுப்பு? செம்மேட்டிலிருந்து மலையிறங்கிய பேருந்தில், முன்னிருக்கையில் இருந்த விவசாயியும் அவர் மனைவியும் இந்தக் கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றார்கள்.

“தீவனத்துல புரதம் நல்லா இருக்குதாமா, பூசணமே இல்லையாமா. மாடுதான் செத்துப்போச்சு!”

“அதுக்கு என்னைய ஏனுங்க முறைக்கிறீங்க?”

“சோதனைக்கு அனுப்புன மக்காச்சோளத்தை நீ பொடச்சியா, இல்லியா?”

“பொடச்சேன். கறுத்ததைப் பொறுக்கிட்டு, காய வெச்சுத்தான் கட்டுனேன். ஆபீசுக்குப் போறதைக் குப்பையாவா அனுப்புவாங்க? நம்ம ஊட்டைப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“மிசினுக்கு விருந்து வெச்சியாக்கும்! மாட்டுக்கு மட்டும் கறுத்ததோட கொட்டுன!”

“மூட்டையை அவுத்துக் கொட்டுனது நீங்கதானுங்க!”

“சோளத்தை வித்த கடைக்காரன் ரிப்போர்ட்டைக் காட்டி, மிச்ச மூட்டையைத் திருப்பி எடுக்க மாட்டேங்கறான். இன்னொரு மாடும் எந்திரிக்காமக் கெடக்குது. பொறுக்குன கறுப்பையாவது வெச்சிருக்கியா? அதைக் கொண்டுட்டுப் போயி அவன் மூஞ்சில கொட்டறேன்.”

“கோழிக்குப் போட்டுட்டேனுங்க.”

“கோழி என்னாச்சு?”

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் வேலை செய்யும் தீவன ஆய்வகத்தில் இப்போது விவசாயிகள் கட்டிக் கொண்டுவரும் தானியத்தைச் சோதனைக்கு வாங்குவதில்லை. மூட்டை இருக்கும் இடத்துக்கே போய் நாங்களே அள்ளி வருகிறோம்.