வெள்ளைத் துணி வாங்க வந்தவர்

மலைச்சாரலில் மலர்ந்த இந்தச் சிக்கனச் சங்கத்தின் தலைவர், மதிப்புக்குரிய சிவஞானம் ஆசிரியர் அவர்களே! மேடையை அணிசெய்யும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு, தோள்வலி தீருமுன்னே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இரத்தோட்டைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த இளைஞர்களே! உங்கள் அனைவர்மீதும் சாந்தி உண்டாகட்டும். என் பணிவான வணக்கமும் உரித்தாகட்டும்.

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வரும் வாரம் இது. அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள் என்று பேச அழைத்திருக்கிறார்கள். யாரை? மாத்தளைக் கடைத்தெருவில் இருபது ஆண்டுகளாகத் துணி விற்கும் இந்த மீராசாஹிபை! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் மனைவி நூருன்னிஸாவும் சிரித்தாள். "வியாபாரத்துக்கு நீங்களே பூட்டுப் போடப் போறீங்களா?" என்றாள். "ஓம், போடத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாண்டுக்கு முன், தைப்பொங்கலை ஒட்டிய ஒரு சனிக்கிழமை. பேச்சியம்மா என்ற தாய், மகள் இராஜகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் வந்தார். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை. திங்கட்கிழமை டவுன் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும்.

"வெள்ளத்துணி, ரெண்டு கவுனுக்கு வெட்டுங்க முதலாளி" என்றார்.

என்ன தெளிவு! நான் வெட்டினேனா? இல்லை! அலமாரியைத் திறந்தேன். ஆகாய நீலத்தில் ஒரு நைலான் சேலையை மேசைமீது வீசி விரித்தேன். மின்னியது, மிதந்தது, மயக்கியது!

"கப்பல் சரக்கு தங்கச்சி. இதுதான் கடைசி. நாளைக்கு வந்தா இருக்காது" என்றேன். உண்மையா? உள்ளே இன்னும் ஆறு இருந்தன!

பதினைந்து ஆண்டு கொழுந்து பறித்துக் கீறிப்போன விரல்கள் அந்தச் சேலையைத் தொட்டன. தனக்கென்று நல்லதாய் ஒன்று வாங்கியறியாதவர். அந்த ஆசை பாவமா? இல்லை தாய்மார்களே, ஆசை பாவமில்லை. அவசரம்தான் பாவம்! அந்த அவசரத்தை ஊட்டியவன் நான்.

"அம்மா, கவுனு?" என்று பிள்ளை முந்தானையை இழுத்தாள்.

"அடுத்த சம்பளத்துல வாங்குவோம்டி." கவுனுக்கு வைத்திருந்த காசு சேலைக்குப் போனது.

திங்கட்கிழமை பூப்போட்ட பழைய கவுனோடு போன பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வெள்ளை உடுப்போடு வராவிட்டால், அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றார்கள்.

மறுநாளே பேச்சியம்மா பார்சலோடு வந்தார். "கட்டவேயில்ல முதலாளி. இத எடுத்துக்கிட்டு வெள்ளத்துணி குடுங்க."

நான் சுவரிலிருந்த பலகையைக் காட்டினேன். 'விற்ற துணி திருப்பி எடுக்கப்படமாட்டாது.'

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க" என்றார். "எம்மக வாசிக்கணும்னுதான் வெள்ளத்துணி கேக்குறேன்."

அப்போதும் நான் அசையவில்லை. என் வெட்கத்தை நானே சொல்கிறேன், கேளுங்கள்! அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார். நடுவெயிலில் நின்று, தமிழிலும் சிங்களத்திலும் கூவி, அந்தச் சேலையை விற்றார். அலுவிகாரையிலிருந்து வந்த சிங்கள நோனா ஒருவர் பாதி விலைக்கு வாங்கினார். அந்தக் காசைப் பேச்சியம்மா என் மேசைமீது வைத்து, "ஒரு கவுனுக்கு வெட்டுங்க" என்றார். இந்தத் தடவை வெட்டினேன்.

ஒரே ஒரு கவுன்! ஆண்டு முழுதும் அந்தப் பிள்ளை அதைச் சாயங்காலம் துவைத்து, அடுப்படியில் காயவைத்து, காலையில் ஈரம் போகாமலே உடுத்திப் போனாள். இன்று எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். என் கடையில் அந்தப் பலகையும் இன்று இல்லை. கட்டாத சேலையை ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சியம்மா இப்போதும் வருகிறார். எதை விரித்தாலும் ரசித்துப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு. அடுத்த சம்பளம் வரைக்கும் ஆச இருந்தா வாரேன்" என்பார். "இருக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன். "பத்து ஆசையில எட்டு அதுக்குள்ள போயிருதுங்க" என்றார்!

என்ன தம்பி, பின்னாலிருந்து? ரேடியோவா? ரேடியோவுக்கும் அதே சட்டந்தான்!

வரும் வாரம் கடைக்காரர்கள் நாங்கள் விளக்குப் போடுவோம். வாய் வலிக்கக் கூவுவோம். 'இன்று மட்டும்' என்போம். நம்பாதீர்கள்! 'இதுவே கடைசி' என்போம். நம்பாதீர்கள்! நானே சொன்னாலும் நம்பாதீர்கள்! எதற்கு வந்தோம் என்று உங்களையே கேளுங்கள். அதை வாங்குங்கள். அதை மட்டும் வாங்குங்கள். மற்றதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வெயிலில் நின்று பாதி விலைக்கு விற்கும் நிலை, இந்தச் சபையில் இனி எந்தத் தாய்க்கும் வரக்கூடாது!

பொறுமையோடு கேட்டீர்கள், நெஞ்சார்ந்த நன்றி. மாத்தளைக்கு வந்தால் கடைக்கு வாருங்கள். ஒன்றுமே வாங்காமல் திரும்பினாலும் தேத்தண்ணி உண்டு. உங்கள் வீடெல்லாம் தீபாவளி ஒளி பொங்கட்டும். வருகிறேன், வணக்கம்!