காக்கா தொடாத வடை

...அந்தக் காக்காய்க்கு என்ன கேடு வந்துச்சுங்கறேன்! வடை ஆறிப் போச்சு, பாயாசத்துல ஆடை கட்டிருச்சு, உச்சி சாஞ்சு போச்சு. காக்கா வாய் வெக்காம ஊட்ல ஒருத்தரும் சாப்புடக் கூடாதுங்களே. எங்கூட்டுக்காரரு பசியில சோபாவுல சுருண்டு கெடக்கறாரு. நீங்க ஏனுங்க அம்மிணி ஈரத்துணியோட நிக்கறீங்க? அத அந்தச் செவுத்து மேல போட்டுட்டு நில்லுங்க, பேசலாம்.

பக்கத்தூட்டுக்குப் புதுசா வந்தவங்க, உங்களுக்குத் தெரியாது. எங்க மாமியா சென்னியம்மா போய்ச் சேந்து இதுதான் மொத ஆடி அமாவாசை. நான் என்ன கொறை வெச்சேன்? உசுரோட இருக்கையில சக்கரைன்னு சொல்லி ஒரு சொட்டுப் பாயாசம் கண்ணுல காட்டுனதில்ல, இன்னைக்கு ஒரு குண்டா வெச்சிருக்கறேன். கோடிச்சேலை எடுத்து வெச்சுக் கும்புட்டேன். கத்திரிப்பூ நெறம். அவங்க வெள்ளச்சேலைதான் கட்டுவாங்க... அதுக்கென்ன இப்ப? கும்புட்டு முடிச்சு நாந்தானே கட்டணும்? எனக்கு எடுப்பா இருக்க வேண்டாமா?

எல்லாம் எங்க ஓரகத்தி மஞ்சுளாவால வந்ததுங்க. வெண்ணந்தூர்ல இருக்கறா. வெடியாலயே போன் பண்றா. 'அக்கா, இல போட்டதும் அத்தை வந்துட்டாங்க, வடையத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க'ன்னு. போட்டோ வேற. காட்டுக்குள்ள ஊடு வெச்சிருக்கறவளுக்குக் காக்காய்க்குப் பஞ்சமா? டவுனுக்குள்ள, இந்த ஃபேர்லேண்ட்ஸ்ல ஏதுங்க காக்கா?

பொழுது சாயறதுக்குள்ள சொந்தக்காரங்ககிட்டப் பூராச் சொல்லிருவா, அத்தைக்கு இந்த ராசாத்தி மேல கோவம் இன்னும் தீரலைன்னு. அத நெனச்சாத்தானுங்க எனக்கு அழுகையா வருது. படுக்கையில கெடந்தவங்களுக்குப் பீ மூத்தரம் வாருனவ நானு. அவ ஆரஞ்சுப் பழத்தக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனவ.

என்னத்தக் காட்டறீங்க? அந்தக் கம்பியிலயா? அட, அது நெசக் காக்கா இல்லீங்க, பிளாஸ்டிக்கு. செத்த காக்காயாட்டத் தலகீழாத் தொங்கவுட்டா மத்த காக்கா கிட்ட வராதுன்னாங்க. நான் வத்தல் காயப்போட்டா உடறதே இல்லீங்க, கூட்டங்கூட்டமா வந்து கொத்திட்டுப் போயிரும். அதக் கட்டுனதுல இருந்து பாருங்க, ஒண்ணு கூட இந்தப் பக்கம் எட்டிப்...

ஏஞ் சிரிக்கறீங்க?

...இருங்க, அவுத்துடறேன். முடிச்சு இறுகிக் கெடக்குது, கருமம். செத்த வந்து இந்தக் கயித்தப் புடிங்க அம்மிணி... அட, அங்க பாருங்க. உங்கூட்டுச் சன்னல் திட்டுல ஒரு காக்கா. நீங்க வெச்ச இட்லியா அது? கழுத்தச் சாச்சு இங்க பாத்துக்கிட்டே திங்கறத. அத்தையேதானுங்க, சந்தேகமே இல்ல. உசுரோட இருக்கறப்பவும் இதே பொழப்புத்தான். நான் அடுப்படியப் பூட்டிட்டுக் கோயிலுக்குப் போனாப் போதும், பக்கத்தூட்டுல போய் இட்லி கேட்டு வாங்கித் தின்னு எம் மானத்த வாங்கும்.