அசல் தோட்டத்துப் பெண்

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது ஐயா. பொலிஸ் ஸ்டேஷன் தேத்தண்ணியை வாயில் வைக்க முடியாது என்பார்கள், சும்மா கதை.

வட்டகொடைப் பக்கம் எந்த வெளிநாட்டுப் படம் எடுக்க வந்தாலும் இந்தச் சோலைமலையைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் பிடிப்பது, மொழிபெயர்ப்பது, கலாசார ஆலோசனை சொல்வது எல்லாம் நான்தான். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் அல்லவா, எது அசல், எது கலப்படம் என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். இனத்துவேஷம் மட்டும் என்னிடம் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் படம் பிரான்ஸ்காரர்களுடையது, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கதை. கதாநாயகியைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். எலுமிச்சம்பழ நிறம். தினமும் கறுப்புச் சாயம் பூசி அசல் தோட்டத்துப் பெண்ணாக்கினோம். கூடையைத் தலையில் மாட்டினால் பாவம், அந்தப் பிள்ளைக்குக் கழுத்து வலித்தது. உள்ளே பஞ்சை அடைத்து மேலே மட்டும் கொழுந்தைத் தூவினோம். எங்கள் பெண்கள் இப்போது பூட்ஸ் போட்டுத்தான் மலையேறுகிறார்கள். ஆனாலும் படத்தில் வெறுங்கால்தான் எடுபடும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

பாறைச் சரிவில் இறங்கும் காட்சிக்கு மட்டும் நடிகைக்குப் பதிலாக எங்கள் தோட்டத்து மத்தியாஸின் மகள் யூஜினாவைப் பிடித்தேன். நிஜமாகவே கொழுந்து பறிப்பவள். ஆனால் தாய் சிங்களத்தி. பேச்சு தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடியும். மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அப்படியே புத்தர் பன்சலைக்கும் பூக்கொண்டு போவாள். சகிக்குமா ஐயா? ஒத்திகையில் அவள் முகத்தைப் பார்த்த டைரக்டர் அம்மா, நாளையிலிருந்து இவள்தான் கதாநாயகி என்று சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் சனத்தின் கதையை உலகத்துக்குக் காட்ட ஒரு கலப்புப் பிள்ளையா?

அன்று மத்தியானம் மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. அவளுடைய பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டுப் பாறை விளிம்பில் நின்றாள்.

"அண்ணே, கல்லெல்லாம் பாசியா இருக்குங்க. கயிறு கட்டாம எறங்க மாட்டேன். அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

டைரக்டர் அம்மா என்னைப் பார்த்தார். கயிறு வேண்டாம் என்கிறாள், தோட்டத்துப் பெண்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்று மொழிபெயர்த்தேன். உடனே நம்பினார். எங்களைப் பற்றி இப்படி எதைச் சொன்னாலும் அவர்கள் நம்புவார்கள்.

யூஜினாவிடம் திரும்பி, "கயிறு கெமராவுல விழுமாம் புள்ள. கீழ வல கட்டியிருக்காங்க, பயப்படாம எறங்கு" என்றேன்.

"நெசமாவா அண்ணே?"

"நான் உங்கிட்ட பொய் சொல்லுவனா?"

வலை இல்லை. மூட்டத்தில் அவளுக்கு அது தெரியவில்லை. கால் சுளுக்கினால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று நேற்று உங்கள் சார்ஜனிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் யாரும் உயிரோடு வந்ததில்லை, எனக்குத் தெரியும். தெரிந்துதான் இறக்கினேன்.

விழும்போது சிங்களத்தில் "அம்மே" என்று கத்தினாள். அசல் தோட்டத்துப் பெண் "ஐயோ அம்மா" என்றல்லவா கத்த வேண்டும்? சென்னை நடிகையின் குரலில் அந்தச் சத்தத்தை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் ஜீப்பில் ஏறினேன்.

அந்த வார்த்தை ஒன்றும் என் காதுக்குப் புதிதில்லை ஐயா. குருநாகலிலிருந்து வந்து என் அப்பாவைக் கட்டிக்கொண்டவளை, கதவைச் சாத்திவிட்டு, நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.