துடைக்காமல் விட்ட நீராவிக் குழாய்

காப்பிக்குப் பால் நுரைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, ஐயா. மெஷினின் நீராவிக் குழாயை நுனி மட்டும் பாலில் முங்கும்படி பிடித்து, பாத்திரம் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். உடனே ஈரத்துணியால் குழாயைத் துடைத்து, ஒருமுறை வெறும் ஆவியைத் திறந்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை மட்டும் என் கணவன் வெஸ்லி கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் செய்ததில்லை.

நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சூடான குழாயில் பால் ஆடையாக ஒட்டிக் காய்ந்து, பழுப்புப் பொருக்காகிவிடும். மூடும்போது குழாய் கொஞ்சம் பாலை உள்ளேயும் உறிஞ்சிக்கொள்ளும். அது அங்கேயே கிடந்து புளிக்கும். மறுநாள் திறந்தால் மஞ்சளாக ஒரு கொழகொழப்பு வந்து விழும். குழந்தை கக்கிய பாலின் நாற்றம். அந்தக் குழாயைத்தான் புதுப் பாலுக்குள் விடுவான். குடித்துவிட்டு, அந்த வாயோடு முத்தம் கொடுக்க வருவான்.

எத்தனையோ முறை சொன்னேன். "ஆவி பட்டா எந்தக் கிருமியும் செத்துடும் டார்லீன். சும்மா நொய்நொய்ங்காத," என்பான். கடைசியில் தினமும் சுரண்டித் துடைத்தது நான்தான்.

வசந்தத்தில் அவன் தங்கை ரோண்டா ஸ்போகேனிலிருந்து எங்கள் ஊர் டகோமாவுக்கு வேலை மாறி வந்தாள். வீடு கிடைக்கும்வரை எங்களோடு தங்கினாள். அவளுக்குப் பால் ஆகாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்கான ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கும். அவளுக்கென்று ஓட்ஸ் பால், பிடியில் நீலப் பட்டை ஒட்டிய தனிப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தை மாற்றிவிடக் கூடாது என்று வெஸ்லி அவ்வளவு கவனமாக இருப்பான். இரண்டு பாத்திரத்துக்குள்ளும் போவது ஒரே குழாய்தான் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வெஸ்லி வழக்கம்போல் முதலில் தன் பாலை நுரைத்தான். நான் துணியை நனைத்துக் கையில் எடுத்தேன். குழாயின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. துணியை மடித்து அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ரோண்டா வந்து நின்றாள். "குழாயத் துடைச்சியா வெஸ்?"

"டார்லீன் வீட்ல அழுக்கா? அசந்தா உன்னையே துடைச்சு மாட்டிடுவா."

"அதுவும் சரிதான். அண்ணி இருக்கிறப்ப எனக்கென்ன பயம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளுக்குக் கொஞ்சம் உதடு வீங்கும், இவன் பயந்துபோவான், இனி ஒழுங்காகத் துடைப்பான் என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

வெஸ்லி அதே குழாயால் அவளுடைய ஓட்ஸ் பாலை நுரைத்துக் கொடுத்தான். குடித்ததும் உதடுதான் முதலில் தடித்தது. பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் பை எங்க அண்ணி?" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வெஸ்லி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தான்.

பையைப் பற்றித்தானே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா? அது கார் ஷெட்டில், அழுக்குத்துணிக் கூடையின் அடியில் இருந்தது. முந்தின நாள் பஸ்ஸில் தரையில் வைத்துக் கொண்டுவந்த அந்தப் பையை ரோண்டா சமையல் மேடைமேல் வைத்திருந்தாள். அன்று காலை எழுந்ததும் நான்தான் எடுத்துப்போய் அங்கே வைத்தேன். "இரு, தேடுறேன்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். கட்டிலுக்கடியில் பார்த்தேன். அலமாரியில் பார்த்தேன். கீழே அந்த இழுப்புச் சத்தம் நிற்கும்வரை தேடினேன்.

பாத்திரம் மாறிப்போய்விட்டது என்றுதான் வெஸ்லி நம்பிக்கொண்டிருக்கிறான். நேற்று என்னிடம், "நான்தானே அவளக் கொன்னேன்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்போதாவது திருந்துவான் என்று பார்த்தேன். எங்கே? நாள் முழுக்க அழுகிறான். மூக்கு ஒழுகுவதைச் சட்டைக் கையில் துடைத்துக்கொள்கிறான். அதே சட்டையோடு வந்து என் பக்கத்தில் படுக்கிறான். ஒரு உயிரே போயும் இந்த மனிதனுக்குச் சுத்தம் வரவில்லை.